கடைசி ஆளின் வேகம்

காட்டுக்குள்ளும் மலைக்குள்ளும் பல நாள் நடைக்குக் குழுவை அழைத்துப் போகும் வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது கயிறு, காம்பஸ், பாம்பு, கரடி பற்றித்தான். எல்லாமே தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் ஒரு கைடின் நாளில் பெரும்பகுதி வேறொரு கணக்கில் கழிகிறது. குழுவில் எல்லோரையும்விட மெதுவாக நடப்பவர் யார், அவர் மாலை நான்கு மணிக்கு எங்கே இருப்பார், அப்போது அவர் வயிற்றில் என்ன இருக்கும், உடம்பில் எந்தத் துணி ஈரமாயிருக்கும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்தால் மற்றவை ஓரளவு தானாக அமையும். குழுவின் சராசரி வேகம் என்று ஒன்றை வைத்துத் திட்டம் போட்டால் அந்தத் திட்டம் முதல் ஏற்றத்திலேயே உடைந்துவிடும்.

எனவே வேலை தொடங்குவது உடல்நலப் படிவத்தில். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, ஒவ்வாமை, அறுவை சிகிச்சை, தினசரி மருந்துகள் என்று கட்டம் போட்டு ஆம், இல்லை என்று கேட்டால் பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு அனுப்பிவிடுவார்கள். பொய் சொல்லும் நோக்கம் இருக்காது; சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம்தான். அதனால் போனில் பேசியே ஆக வேண்டும். 'உடற்பயிற்சி செய்வீர்களா' என்று கேட்பதைவிட 'கடைசியாகப் பை மாட்டிக்கொண்டு தொடர்ந்து நான்கு மணி நேரம் நடந்தது எப்போது', 'இறங்கும்போது முழங்கால் எப்படி இருக்கும்', 'ராத்திரி எத்தனை மாத்திரை போடுகிறீர்கள்' என்று கேட்டால் உண்மை வரும். இன்ஹேலர் வைத்திருப்பவர் இரண்டு கொண்டுவர வேண்டும், ஒன்று அவர் சட்டைப்பையில், இன்னொன்று கைடிடம். கடும் ஒவ்வாமைக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசிக்கும் இதே விதி. பையோடு மருந்தும் ஆற்றில் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு வீட்டில் இருக்கும்போதே விடை வேண்டும்.

குழுவின் அளவும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம். மேல் வரம்பைப் பெரும்பாலும் அனுமதிச் சீட்டு வழங்குபவர்கள் சொல்லிவிடுவார்கள். கீழ் வரம்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நான்கு பேருக்குக் குறையாமல் போவது பழைய வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், மற்ற இருவர் சேர்ந்து உதவி தேடிப் போகலாம், யாரும் தனியாக நடக்க வேண்டியதில்லை.

அடுத்து நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அத்தோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 24 நிமிடமும் ஒன்றரை மணியும் சேர்ந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது உடல் பழகிய, இலேசான பை மாட்டிய ஆளுக்கான கணக்கு. முழுப் பை சுமக்கும் கலவையான குழுவுக்குச் சமதள வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வையுங்கள். அப்போது 4 மணியும் ஒன்றரை மணியும் ஆக ஐந்தரை மணி. மணிக்குப் பத்து நிமிட ஓய்வைச் சேர்த்தால் ஏறக்குறைய ஆறரை மணி. சூரியன் ஆறரைக்கு மறைகிறது, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முகாம் போட வேண்டும் என்றால் சேர வேண்டிய நேரம் நாலரை. பத்து மணிக்குக் கிளம்பினால் சரியாக வந்துவிடும் என்று காகிதம் சொல்லும். காகிதத்தை நம்பாதீர்கள், எட்டு மணிக்குக் கிளம்புங்கள். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு கொப்புளம், தொலைந்த கண்ணாடி, இடிந்துபோன பாதை இவற்றில் ஏதாவது ஒன்று தின்றுவிடும். இறக்கத்தையும் மறக்கக் கூடாது. செங்குத்தான, கல் உருளும் இறக்கத்தில் புதியவர்கள் ஏறிய வேகத்தைவிட மெதுவாகவே இறங்குவார்கள்.

இந்தக் கணக்கிலிருந்துதான் திரும்பும் நேரம் பிறக்கிறது. 'பன்னிரண்டு மணிக்குள் கணவாயைத் தொடாவிட்டால் திரும்புகிறோம்' என்று முந்தைய இரவே எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். கைடின் மனதுக்குள் மட்டும் இருக்கும் நேரம் பதினொன்றே முக்காலுக்கு 'பன்னிரண்டரை' ஆகிவிடும். எல்லோரும் கேட்ட நேரத்தை அப்படி நகர்த்த முடியாது.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளின் இடைவெளியைப் பாருங்கள். 20 மீட்டருக்கு ஒரு கோடு போட்ட படத்தில் 15 மீட்டர் பாறைச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடே இல்லாமல் ஒளிந்திருக்கலாம். படத்தில் சாதாரண சரிவாகத் தெரியும் இடத்தில் போய் நின்றால் கீழே ஒன்றும் இருக்காது. காம்பஸில் ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகல், ஐந்து டிகிரி என்றால் ஏறக்குறைய 87 மீட்டர். காம்பஸ் முள் காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடத்தின் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் சில பகுதிகளில் 15 டிகிரியைத் தாண்டும், அதைத் திருத்தாமல் நடந்தால் ஒரு பள்ளத்தாக்கு தள்ளிப் போய் நிற்பீர்கள். மூடுபனியில் பாலத்தைத் தேடும்போது நேராகப் பாலத்தைக் குறி வைக்காதீர்கள். வேண்டுமென்றே ஒரு பக்கமாக, உதாரணமாக இடப்பக்கம் நூறு மீட்டர் தள்ளிக் குறி வையுங்கள். ஆற்றைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது உறுதி. நேராகக் குறிவைத்துத் தவறினால் எந்தப் பக்கம் தவறினோம் என்றே தெரியாது. போனில் இருக்கும் வரைபடம் அருமையான கருவி, ஆனால் குளிரில் பேட்டரி முப்பது சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். காகிதமும் உடன் வரட்டும்.

சாமான்களில் நான் பிடிவாதமாக இருப்பது சிலவற்றில்தான். கைடின் பையில் அவருக்குச் சொந்தமானவை தவிர, முழுக்குழுவும் உட்காரும் அளவுக்கு ஒரு தார்ப்பாயோ அவசரத் தங்கல் உறையோ, பெரியவர் எவருக்கும் பொருந்தும் ஒரு கனமான ஜாக்கெட், ஒரு ஸ்லீப்பிங் பேக், தரை விரிப்பு, ஸ்டவ், பழுது பார்க்கும் பொட்டலம் ஆகியவை ஒரு நாள் நடைக்கும் போக வேண்டும். பழுதுப் பொட்டலத்தில் டேப், ஊசியும் தடித்த நூலும், கூடாரக் கம்பி உடைந்தால் மேலே செருகும் குழாய், இடுப்புப் பட்டையின் பக்கிள் ஒன்று, கம்பி, ஜிப் டை. நெடுநாள் அலமாரியில் கிடந்த பூட்ஸின் அடித்தட்டு முழுசாகக் கழன்று வருவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். உள்ளே இருக்கும் பாலியுரேதேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பல வருடங்களில் தானாகவே மக்கிப்போகிறது. வெளியே பார்த்தால் புதுசாக மின்னும். முந்தைய நாள் சோதனையில் ஒவ்வொரு பூட்ஸையும் கையில் வாங்கி வளைத்துப் பாருங்கள்.

அந்தச் சோதனையில் ஒவ்வொருவரும் பையைத் தரையில் கொட்டியே ஆக வேண்டும். வெட்கப்படுவார்கள், பரவாயில்லை. பை எடை உடல் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 20 சதவீதத்தில் நின்றால் இன்னும் நல்லது. பையிலிருந்து எடுத்துவிட வேண்டியவை: பருத்தி பேன்ட், மூன்றாவது சட்டை, கண்ணாடி ஜாடிகள். கட்டாயம் இருக்க வேண்டியவை: மழை ஜாக்கெட், தூங்குவதற்கென்று மட்டும் ஒதுக்கிய உலர்ந்த உடுப்பு ஒரு ஜோடி, தலைவிளக்கு. மழை ஜாக்கெட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது உருண்டு ஓடுகிறதா ஊறுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

உணவு ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த நிலையில் 700 முதல் 900 கிராம். குளிரும் கனமான பையும் சேர்ந்தால் மேல் எண்ணைப் பிடியுங்கள். எரிவாயுக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, காற்றில்லாத இடத்தில் 12 முதல் 15 கிராம் வாயு போகும். காற்று வீசினால் இருமடங்கும் ஆகும். பனியை உருக்கித் தண்ணீர் எடுக்க வேண்டிய இடத்தில் மொத்தக் கணக்கையே இரட்டிப்பாக்க வேண்டும். கேனில் என்ன கலவை என்று அடியில் படியுங்கள். சாதாரண பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரோபேன் மைனஸ் 42 வரை. உறைகுளிரில் கேன் முதலில் நன்றாக எரிந்து பாதியில் சோர்ந்துபோவதற்குக் காரணம், புரோபேன் முன்னால் தீர்ந்து பியூட்டேன் மட்டும் தங்கிவிடுவதுதான். கேனை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் காலையில் பிரச்சினை பாதியாகும். கேனின் தலையில் நேராகப் பொருத்தும் ஸ்டவ்வைச் சுற்றித் தகரத் தடுப்பை முழுசாக மூடி வைக்கக் கூடாது, கேன் சூடேறி வெடிக்கும். மூடிய கூடாரத்துக்குள் சமைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை.

நடை தொடங்கிய முதல் 15 நிமிடம் எப்போதும் வெள்ளோட்டம். நிற்கும்போது குளிராக இருக்கிறதென்று எல்லோரும் ஒரு துணி அதிகம் போட்டிருப்பார்கள், பத்தாவது நிமிடத்தில் உள்ளே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் நனைந்த உள்சட்டைதான் மாலையில் கணவாயில் நடுங்க வைக்கும். எனவே 15, 20 நிமிடத்தில் ஒரு நிறுத்தம்: மேல்துணியைக் கழற்று, பூட்ஸ் கயிற்றைத் திருத்து, பைப் பட்டையைச் சரிசெய். 'கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும்' என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் கேட்பதில்லை, இந்த நிறுத்தம் கற்றுக்கொடுத்துவிடும்.

வேகத்துக்கு எளிய அளவுகோல் பேச்சு. முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அந்த வேகத்தில் நாள் முழுக்க நடக்கலாம். மெதுவாக நடப்பவரை முன்னே நடக்கும் கைடுக்கு நேர் பின்னால், இரண்டாவது இடத்தில் நிறுத்துங்கள். வரிசையின் கடைசியில் விட்டால் அவருக்கு ஓய்வே கிடைக்காது. முன்னே போனவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து எழும்போதுதான் அவர் மூச்சிரைக்க வந்து சேருவார், உடனே எல்லோரும் கிளம்புவார்கள். களைத்தவருக்குக் குறைந்த ஓய்வும் களைக்காதவருக்கு நிறைய ஓய்வும் கிடைக்கும் இந்தக் கோணல், குழு நடையின் மிகப் பழைய வியாதி. ஓய்வு நேரம் கடைசி ஆள் பையை இறக்கிய பிறகுதான் தொடங்கும் என்பதை முதல் நாளே சட்டமாக்குங்கள். கடைசியில் துணைக் கைடு நடக்க வேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

கொப்புளம் சின்ன விஷயமாகத் தெரியும். நாலாவது நாளில் ஒருவரால் நடக்க முடியாமல் முழுக்குழுவையும் திருப்புவதற்கு அது ஒன்றே போதும். குதிகாலில் சூடாக, உறுத்தலாக ஒரு இடம் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பிரச்சினை என்னவென்றால் குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை. அதனால் முதல் நிறுத்தத்தில் கைடே உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார்த்தால் மற்றவர்களும் கழற்றுவார்கள். சிவந்த இடத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்து முழுக்க உலர விடுங்கள், வியர்வைக் காலில் எந்த டேப்பும் ஒட்டாது. டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூரான மூலையிலிருந்துதான் அது உரியத் தொடங்கும். சுருக்கம் விழாமல் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திச் சூடாக்கினால் பசை நன்றாகப் பிடிக்கும். காலுறையிலும் பூட்ஸுக்குள்ளும் விரலை விட்டு மணல் இருக்கிறதா என்று பாருங்கள், கணுக்காலில் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிக் குதிகால் மேலெழும்பாமல் பிடித்துக் கட்டுங்கள். நீர் கோத்துப் பெரிதாகி விம்மி நிற்கும் கொப்புளமானால் தோலைச் சோப்பு நீரால் கழுவி, சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, அதைவிட நல்ல கட்டு உங்கள் பையில் இல்லை. அதன் மேல் நேராகப் பசை டேப் ஒட்டினால் கழற்றும்போது தோலும் கூடவே வரும். நடுவில் ஒட்டாத துணித்துண்டு வைத்து அதன் மேல் டேப் போடுங்கள்.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வந்து சேரும் வரை நின்று தலைகளை எண்ணுங்கள். ஆட்கள் தொலைவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கிளைப்பாதையில், அல்லது சிறுநீர் கழிக்க ஒதுங்கும்போது. ஒதுங்குபவர் தன் பையைப் பாதையின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பின்னால் வரும் துணைக் கைடு பையைப் பார்த்தால் நிற்பார். பையோடு புதருக்குள் போனவரைக் கடந்து எல்லோரும் போய்விட்டால், வெளியே வந்ததும் அவர் முன்னேயா பின்னேயா என்று குழம்பி ஏதோ ஒரு பக்கம் ஓடத் தொடங்குவார். தொலைந்துவிட்டோம் என்று தெரிந்தால் இருந்த இடத்திலேயே இருந்து விசிலை மும்மூன்றாக ஊத வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் செய்து காட்டிய பிறகே கிளம்புங்கள்.

தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் பயம், கையைப் பற்றி யாருக்கும் இல்லை. குழுவில் வயிற்றுப்போக்கு பரவுவது பல தடவை கழுவாத கையால்தான். பொதுப் பொட்டலத்துக்குள் கையை விட்டு நொறுக்குத்தீனி எடுக்க விடாதீர்கள், பொட்டலத்தைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டுங்கள். சமையல் இடத்துக்குப் பக்கத்திலேயே சோப்பும் தண்ணீரும் இருக்கட்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். குளோரின் டையாக்சைடு மாத்திரை பாக்டீரியாவையும் வைரஸையும் அரை மணியில் முடித்துவிடும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு நான்கு மணி நேரம் தேவை. நுண்குழல் ஃபில்டர் ஒருமுறை நனைந்த பிறகு உறைந்தால் உள்ளே குழாய்கள் விரிசல் விட்டுவிடும். தண்ணீர் வழக்கம்போல ஓடும், கிருமியும் சேர்ந்து ஓடும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உறைபனி இரவில் ஃபில்டருக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இடம் உண்டு. 'குடி, குடி' என்று விரட்டுவதும் தவறு. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். சிறுநீர் தெளிவாக, அடிக்கடி போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் தண்ணீரை நிறுத்தி உப்பான ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

குளிர்தான் என் பார்வையில் கைடின் உண்மையான எதிரி. அதுவும் மைனஸ் பத்தில் வரும் குளிரைவிட, ஐந்து டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்து வருவது பொல்லாதது. உறைகுளிருக்கு எல்லோரும் தயாராக வருகிறார்கள், சாரல் மழைக்கு யாரும் தயாராவதில்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது தாழ்வெப்பநிலை. ஆனால் காட்டில் தெர்மாமீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்துகிறார். கல்லில் கால் தட்டுகிறது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார், திரும்பப் போடத் தோன்றவில்லை. 'நன்றாக இருக்கிறீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்பார்கள். ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுக்கச் சொல்லுங்கள், அல்லது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். முடியாமல் தடவினால் நடை அந்த இடத்தோடு நின்றது. தங்கல் உறைக்குள் எல்லோரும் புகுந்து, ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, அடியில் விரிப்பைப் போடுங்கள். தரை உறிஞ்சும் சூட்டைப் பலர் மறந்துவிட்டு மேலே மட்டும் போர்த்துவார்கள். விழுங்க முடிகிறதென்றால் இனிப்பான உணவும் சூடான இனிப்புப் பானமும். நடுக்கம் உடம்பின் சொந்த அடுப்பு, அதற்கு விறகு சர்க்கரை. அரை மணி நேரமாவது உட்கார்ந்து சூடேறிய பிறகே மெல்ல நடக்க வைக்கலாம். உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை கடுமை. அப்போது படுத்த வாக்கிலேயே, அலுங்காமல் கையாள வேண்டும். அந்தக் குளிரில் இதயம் சின்ன உலுக்கலுக்கே தாளம் தப்பும்.

ஆறு கடப்பது இரண்டாவது எதிரி. பனி உருகி ஓடும் ஆறு அதிகாலையில் தாழ்ந்தும் பிற்பகலில் ஏறியும் இருக்கும். மாலையில் கடக்க முடியாததைக் காலை ஆறு மணிக்கு முழங்காலளவில் கடந்துவிடலாம். ஒரு குச்சியை வீசி அதனோடு கரையில் நடந்து பாருங்கள். நடந்து எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில், முழங்காலுக்கு மேலே தண்ணீர் இருந்தால் வேறு இடம் தேடுங்கள். கடக்கும் இடத்தைவிட அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது முக்கியம்: விழுந்த மரம், அருவி, பாறைச் சுவர் இருந்தால் அங்கே இறங்கக் கூடாது. மரக்கிளைகள் தண்ணீரை வெளியே விட்டு ஆளை உள்ளே பிடித்துக்கொள்ளும். நீருக்கடியில் கற்கள் உருண்டு இடிக்கும் சத்தம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், காத்திருங்கள். இறங்கும்போது பூட்ஸ் காலில் இருக்க வேண்டும், பையின் இடுப்புப் பட்டையும் நெஞ்சுப் பட்டையும் கழன்றிருக்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துப் பார்த்து, கம்பை மேல்பக்கம் ஊன்றி, ஒரு சமயத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். அடித்துப்போனால் மல்லாந்து, கால்கள் நீர்ப்போக்கில், கால்விரல்கள் மேலே. இடுப்பளவு ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் கல்லிடுக்கில் மாட்டி நீர் முகத்தை அமுக்கிவிடும். ஆளை ஒருபோதும் கயிற்றில் கட்டி இறக்காதீர்கள், கயிறு இறுகினால் நீர் அவரை அடியில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மின்னலுக்குச் சுருக்கமாக: வெளிச்சத்துக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்பது ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் வந்தால் முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி வரை திரும்ப ஏறக் கூடாது. தனி மரத்தடி வேண்டாம். ஒருவருக்கொருவர் 15 மீட்டருக்குக் குறையாமல் விலகி இருங்கள், ஒரே மின்னலில் எல்லோரும் விழாமல் இருக்க அது ஒன்றே வழி. பலர் விழுந்துவிட்டால், முனகுபவரை விட்டு மூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளின் வரிசைக்கு இது நேர்மாறு. மின்னலில் நின்ற மூச்சும் துடிப்பும் உடனடி சி.பி.ஆரால், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவியால், திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

உயரத்துக்கும் சில வரிகள். 3,000 மீட்டரைத் தாண்டிய பின் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் விட வேண்டும். தலைவலியும் குமட்டலும் இருப்பவர் சரியாகும் வரை மேலே போகக் கூடாது. குதிகாலும் விரல்நுனியும் தொட ஒரு கோட்டில் நடக்கச் சொல்லி அவர் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் இறக்குங்கள்.

இவ்வளவும் தெரிந்த கைடுகளும் தவறான நாளில் மேலே போயிருக்கிறார்கள், ஏனென்றால் கூட வந்தவர்கள் கேட்டார்கள். 1820 ஆகஸ்டில் ஐரோப்பாவின் மாண்ட் பிளாங்க் மலையில் டாக்டர் ஜோசஃப் ஹாமெல் என்பவரின் குழு கெட்ட வானிலையில் கூடாரத்தில் காத்துக் கிடந்தது. கைடுகளுக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணம், அவருக்கு ஏறிவிட வேண்டும் என்ற பிடிவாதம். ஏறினார்கள். புதுப்பனி சரிந்து மூன்று கைடுகளைப் பனிப்பிளவுக்குள் தள்ளியது. அடுத்த ஆண்டே அந்த மலையடிவாரத்துச் சாமோனி ஊரின் கைடுகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்த மூவரின் எச்சங்களைப் பனியாறு நாற்பது ஆண்டுகள் கழித்துக் கீழே கொண்டுவந்து தள்ளியது. பணம் கட்டி வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்வதற்கு அன்றாடப் பழக்கம் வேண்டும். வாக்கியத்தை முதலிலேயே தயாராக வைத்திருங்கள்: 'பன்னிரண்டு ஆகிவிட்டது, திரும்புகிறோம்' என்று நேரத்தைச் சொல்லுங்கள். 'நீங்கள் மெதுவாக நடந்தீர்கள்' என்று ஆளைச் சொல்லாதீர்கள். மாற்று இடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மறுத்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். பழகிய பாதையில் இன்னும் கவனம் தேவை, நூறு தடவை போன சரிவில் பனி சரியுமா என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

அடிபட்டால் கைடின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்க வேண்டும். நாடி, மூச்சு, தோலின் நிறம், நினைவு நிலை இவற்றை நேரத்தோடு எழுதுங்கள், நிலை மோசமாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, சீராக இருந்தால் பதினைந்துக்கு ஒருமுறை. ஒரு எண்ணால் ஒன்றும் தெரியாது, நாடி 88, 100, 116 என்று ஏறுவதைப் பார்த்தால்தான் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம் வரும். தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்ட்ரெச்சரை ஒரு சமயத்தில் ஆறு பேர் பிடிக்க வேண்டும், கரடுமுரடான பாதையில் கால் மணிக்குள் கை மாற்ற வேண்டும். எட்டுப் பேர் கொண்ட குழுவால் அரை கிலோமீட்டர்கூடக் கடினம். சுளுக்கிய கணுக்காலோடு நொண்டி நடக்க முடிகிறவரை, அது வீங்கி முடங்கும் முன்பே, நேராக வெளியே நடத்திக்கொண்டு போவது பல சமயம் சிறந்த மீட்பு.

அவசரக் கருவிகளில் செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒருவழித் தகவல், செயற்கைக்கோள் மெசேஞ்சர் இருவழி. இரண்டுக்கும் திறந்த வானம் வேண்டும், குறுகிய பள்ளத்தாக்கிலும் நனைந்த அடர்ந்த மரக்கூரையின் கீழும் செய்தி போக வெகுநேரம் பிடிக்கும். செய்தியில் எத்தனை பேர், யாருக்கு என்ன, எங்கே, என்ன உதவி வேண்டும், நீங்கள் நகரப்போகிறீர்களா இல்லையா என்பவை இருக்கட்டும். இட எண்களை அனுப்பும்போது வடிவத்தைக் கவனியுங்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 45 டிகிரி 30 நிமிடம் என்பது தசமத்தில் 45.50, அதை 45.30 என்று எழுதினால் ஹெலிகாப்டர் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடும்.

மாலை முகாமில் கூடாரம் அடிக்கும் முன் தலைக்கு மேலே பாருங்கள், காய்ந்த கிளை தொங்கினால் இடம் மாற்றுங்கள். ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், வறண்ட ஓடைப்படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் வேண்டாம். பள்ளத்தின் அடியில் குளிர்காற்று வந்து தேங்கும், கொஞ்சம் மேலே போட்டால் இரவு தூக்கம் நன்றாக இருக்கும். மலக்குழி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், தண்ணீரிலிருந்து அதே 60 மீட்டர். சாப்பிட்ட பிறகு ஒவ்வொருவரின் காலையும் தலைவிளக்கில் ஒருமுறை பார்த்துவிட்டு, நாளைய திரும்பும் நேரத்தைப் படித்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும் என்றால், முதலில் காட்டுச் சூழலுக்கான முதலுதவிப் பயிற்சி, எழுபது எண்பது மணி நேரம் நீளும் நீண்ட வகை. சான்றிதழ் இரண்டு மூன்று ஆண்டில் காலாவதியாகும். பிறகு துணைக் கைடாக வரிசையின் கடைசியில் இரண்டு பருவமாவது நடங்கள். கொப்புளமும் குளிரும் கோபமும் முதலில் தெரிவது அங்கேதான்.

திரும்பி வந்த அன்றே கூடாரங்களை விரித்துக் காய வைத்துவிடுங்கள், ஈரமாக மடித்தது மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். முதலுதவிப் பெட்டியில் செலவானதை அன்றே நிரப்புங்கள். எரிவாயுக் கேன்களை எடை போட்டு மிச்சத்தை மேலேயே பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் போட்ட கணக்கு எத்தனை மணி, நடந்தது எத்தனை மணி என்று நோட்டில் இரண்டு வரிசையாக எழுதி, வித்தியாசம் அதிகமான இடத்துக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். அடுத்த குழுவுக்கு நெய்ஸ்மித்தைவிட அந்த நோட்டுதான் சரியாக நேரம் சொல்லும்.